சாம்பாரில் கரைத்த மாத்திரை

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. தனியார் பள்ளியில் டீச்சர், திருமணமாகி ஐந்து வயதில் ஒரு மகள். பிரச்சினை தம்பிக்கு. 25 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் நன்றாக வேலை பார்த்தவர், போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதே ஆள் சரியில்லை. ரூமில் கூட இருந்தவர்கள் தன் பேச்சை போனில் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புகிறார்கள் என்றார், சூப்பர்வைசர் காதுக்குள்ளேயே பேசுகிறார் என்றார், குளிப்பதை நிறுத்தினார், ராத்திரி முழுக்க வாசலில் நடந்தார். செய்வினை எடுக்கிறேன் என்று ஒருவர் வந்ததில் 18,000 ரூபாய் போனது. எட்டு மாதம் கழித்துத்தான் டவுனில் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். ரிஸ்பெரிடோன் மாத்திரை. மூன்று வாரம் சாப்பிட்டவர், “எனக்கு ஒன்னுமில்ல, உங்களுக்குத்தான் கோளாறு” என்று நிறுத்திவிட்டார். அப்புறம் அம்மா, அந்த மருத்துவர் சொன்ன யோசனைப்படியே, மாத்திரையைப் பொடித்து சாம்பாரிலும் காபியிலும் கலந்து கொடுத்திருக்கிறார். ஐந்து மாதம். தூக்கம் வந்தது, குரல்கள் அடங்கின, அப்பாவோடு மாவு மில்லுக்குக்கூடப் போய்வந்தார். போன மாதம் ஒரு காலையில், அம்மா டம்ளரின் அடியால் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்ததைத் தம்பி பார்த்துவிட்டார்.

இப்போது வீட்டுச் சமையலைத் தொடுவதில்லை. வாழைப்பழம், தானே உரிக்கிற அவித்த முட்டை, தானே கடையில் வாங்கிப் பிரிக்கிற பிஸ்கட், அவ்வளவுதான். தண்ணீர்கூடத் தெருக்குழாயில்தான். குரல்கள் திரும்பிவிட்டன. ஒரு நாள் அப்பாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார், அன்றிலிருந்து அப்பா ராத்திரியில் அவர் அறையை வெளியே பூட்டுகிறார். இதற்கிடையில் அத்தை ஒருவர், “கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்” என்று ஏழைப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருக்கிறார், பெண் வீட்டில் எதுவும் சொல்ல வேண்டாமாம். சகோதரி கேட்பவை: வேறு எதில் கலந்தால் தெரியாது? ஆளைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் சேர்த்துவிடலாமா? இந்தத் தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாரா? அமெரிக்காவில் புது மருந்து வந்திருக்கிறதாமே? கல்யாணம்? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில்: என் மகளுக்கும் இது வருமா?

சகோதரி,

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேறு எதிலும் கலக்காதீர்கள். மோரிலும் வேண்டாம், முட்டைக்குள் ஊசி போட்டும் வேண்டாம் (அதைக்கூட யோசித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்). மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது, நோய் ஆரம்பித்த காலத்திலேயே அவர் போனில், “மெஸ் சாப்பாட்டுல என்னமோ கலக்குறாங்கக்கா” என்று சொன்னதாக. அன்றைக்கு அதற்கு ஆதாரம் கிடையாது, அதை நோயின் எண்ணம் என்று சொல்ல முடிந்தது. இப்போது அவர் கண்ணால் பார்த்துவிட்டார், அதுவும் பெற்ற தாய் கையில். வாழைப்பழமும் முட்டையும் சாப்பிடுகிற மனிதரைப் பைத்தியக்காரத்தனம் பண்ணுகிறார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோல் மூடிய பொருளில் யாரும் எதையும் கலக்க முடியாது என்று கணக்குப் போட்டுச் சாப்பிடுகிறார். அவர் இருக்கும் இடத்தில் இருந்தால் நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம்.

அம்மாவைக் குற்றம் சொல்ல வரவில்லை. அவர் பயத்தில் செய்தார், சொன்னது ஒரு மருத்துவர். நானும் மனநல மருத்துவனாக என் முதல் பத்து வருஷத்தில் பல வீடுகளுக்கு இதே யோசனையைக் கொடுத்தவன்தான், சொட்டு மருந்தாக எழுதி, காபியில் விடுங்கள் என்று. அப்படித் தேறிய ஒருவர் பின்னால் ஒரு நாள் என் எதிரே உட்கார்ந்து கேட்டார்: “சார், சாப்பாட்டுல ஏதோ கலக்குறாங்கன்னு நான் சொன்னப்ப அது நோய்னு சொன்னீங்க. கலந்துதானே இருந்தீங்க?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்கப்புறம் யாருக்கும் அந்த யோசனையைச் சொன்னதில்லை.

நியாயம் அநியாயத்தை விடுங்கள், வைத்தியமாகப் பார்த்தாலே இது ஓட்டை. அவர் பாதி சாம்பாரை மிச்சம் வைத்தால் எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் மகள் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கும்போது அந்த டம்ளர் மாறிப்போனால் என்ன ஆவது? கை நடுங்குகிறது, உடம்பு விறைக்கிறது என்றால் அது எதனால் என்று அவருக்கே விளங்காது, அதையும் எதிரிகளின் வேலை என்றுதான் எடுத்துக்கொள்வார். எல்லாவற்றையும்விட, அந்த ஐந்து மாதம் தேறினாரே, அது மருந்தால் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. “மாத்திரையே போடாம நான் நல்லா இருந்தேனே” என்று இன்றைக்கு அவர் சொன்னால், அவர் அறிந்தவரை அது உண்மை.

அதனால் முதல் வேலை, மன்னிப்பு கேட்பது. அம்மா கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். “நான் உனக்குத் தெரியாம மாத்திரை கலந்தேன்பா. நீ தூங்காம கஷ்டப்பட்டதப் பாத்துப் பயந்துட்டேன். செஞ்சது தப்பு. இனிமே செய்ய மாட்டேன்.” அத்தோடு நிறுத்த வேண்டும். “ஆனா நீ மாத்திரை போடாததாலதானே” என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டால் அத்தனையும் வீண். அன்றைக்கே மன்னித்துவிட மாட்டார், கத்தக்கூடச் செய்யலாம். பரவாயில்லை. அடுப்பை அவரிடம் விடுங்கள், தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்ளட்டும். ஒரே சட்டியிலிருந்து முதலில் நீங்கள் எடுத்துச் சாப்பிடுங்கள், அவர் சாப்பிட்டாரா என்று எட்டிப் பார்க்காதீர்கள். முட்டையும் பழமும் தாராளமாக வீட்டில் இருக்கட்டும்.

“எனக்கு ஒன்னுமில்ல” என்பவரிடம்

இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாமல் சந்தேகப்படுவது என்று நிஜத்தின் பிடி விட்டுப்போகிற நிலையை சைக்கோசிஸ் என்போம். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருப்பது அதன் ஒரு பகுதி. வீம்பு கிடையாது. குரல் கேட்கும் நேரத்தில் மூளையைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பேச்சுக்கும் கேட்பதற்குமான பகுதிகள் நிஜமாகவே வேலை செய்கின்றன. உங்கள் குரல் அவருக்கு எவ்வளவு நிஜமோ, சூப்பர்வைசரின் குரலும் அவ்வளவு நிஜம். அதைப் போய், “அப்படி ஒன்னும் இல்லடா, மனசு பிரமை” என்று நூறு தடவை சொன்னால், நீங்களும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அதே சமயம் ஆமாம் போட்டு, “நான் கம்பெனியில பேசி நிறுத்தச் சொல்றேன்” என்று நடிக்கவும் வேண்டாம். “உனக்குக் கேக்குதுன்னு நீ சொல்றத நான் நம்புறேன். எனக்குக் கேக்கல. கேட்டுக்கிட்டே இருந்தா எவ்வளவு அசதியா இருக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். நோய் உண்டா இல்லையா என்ற வழக்கை வீட்டில் நடத்தாதீர்கள், அது முடியாது. அவருக்கே தொல்லையாக இருப்பது எதுவோ, தூக்கம் வராதது, உடம்பு இளைத்தது, குரல்களின் நச்சரிப்பு, அதைப் பிடித்துக்கொண்டு, “தூக்கத்துக்காகவாவது ஒருத்தரப் பாப்போமா?” என்று கேட்கலாம்.

இந்த இடத்தில் ஒரு ஆய்வு சொல்கிறேன். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனத்து மருத்துவர்களும் சேர்ந்து, சென்னை, கானாவின் ஆக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ என்று மூன்று ஊரில் ஊருக்கு 20 பேரிடம், உங்கள் குரல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டார்கள். அமெரிக்கர்கள் பலர் வன்முறையையும் தாக்குதலையும் சொன்னார்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல், குளி, சமை, வேலையைப் பார் என்று அதட்டுகிற குரல். என் ஓ.பி.யிலும் கேட்டிருக்கிறேன், செத்துப்போன மாமியார் இன்னும் அரிசி களைவதைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதை. நோயாகவே இருந்தாலும் அது பேசுகிற பேச்சு ஆளின் வாழ்க்கையிலிருந்துதான் வருகிறது. உங்கள் தம்பிக்கு ஏன் சூப்பர்வைசர் குரல்? அந்தக் கம்பெனியில் என்ன நடந்தது என்று அவரிடம் யாராவது பொறுமையாகக் கேட்டீர்களா? உங்கள் ஏழு பக்கத்தில் அது இல்லை.

இன்னொன்றும் கேட்டுவையுங்கள், கண்டிக்காமல்: ரூமில் கஞ்சா புழங்கியதா என்று. சைக்கோசிஸ் என்பது காய்ச்சல் மாதிரி ஒரு பொதுப்பெயர். கடும் மன அழுத்தத்திலும் வரும், மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகிற பைபோலரிலும் வரும், கஞ்சாவாலும் வரும், சில உடல் நோய்களாலும் வரும். எட்டு மாதத்துக்கு மேல் இழுத்திருப்பதால் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்ற பக்கம் சந்தேகம் சாய்கிறது. ஆனால் கடிதத்தை வைத்து நான் பெயர் சூட்ட மாட்டேன். சினிமாவில் வருகிற இரட்டை மனுஷன் கதைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அம்மா சின்ன வயதில் அடித்து வளர்த்ததால் வந்ததும் இல்லை.

மருந்து

இது தூக்க மாத்திரை இல்லை, அடிமையாக்காது. தூக்கம் வருவது பக்க விளைவு. வேலை வேறு: மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் ஆட்டத்தைக் குறைப்பது. அது எகிறிக் கிடக்கும்போது எதிர்வீட்டுக்காரர் இருமினாலும், டிவியில் யாரோ சிரித்தாலும் எல்லாவற்றுக்கும் தன்னைக் குறித்து ஒரு அர்த்தம் இருப்பதாகத் தோன்றும். மருந்து அந்தச் சத்தத்தைத் தணிக்கும். எண்ணம் உடனே மறையாது, அதன் பிடி தளர வாரங்கள் ஆகும்.

நிறுத்தியதும் திரும்பிவிட்டதே, அப்போது மருந்து குணப்படுத்தவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். 2012இல் லான்செட் இதழில் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தேறியபின் மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு, வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேருக்கு. இரண்டு எண்ணையும் பாருங்கள். மருந்து போட்டாலும் சிலருக்குத் திரும்புகிறது, நிறுத்தியும் சிலருக்குத் திரும்பவில்லை, ஆனாலும் சூதாட்டத்தில் எந்தப் பக்கம் பணம் கட்டுவது என்பது தெளிவு. முதல் முறை வந்தவருக்கு, நன்றாகத் தேறியபின் குறைந்தது ஒன்றிரண்டு வருஷம் தொடரச் சொல்வோம். ஆயுள் முழுக்கவா என்பதை இன்றைக்கே முடிவு செய்யத் தேவையில்லை.

மூன்று வாரத்தில் ஏன் நிறுத்தினார் என்று உங்கள் டாக்டர் கேட்டாரா? ரிஸ்பெரிடோன் சிலருக்கு உடம்பை இறுக்கும், கால் ஒரு இடத்தில் நிற்காமல் தவிக்க வைக்கும், இளைஞர்களுக்கு ஆண்மை சம்பந்தமான தொந்தரவு தரும், இதை எந்தப் பையனும் அம்மா முன்னால் சொல்ல மாட்டான். ஓலன்சபின் பசியைக் கிளப்பி எடையை ஏற்றும், சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். அரிபிப்ரசோலில் எடை அவ்வளவு ஏறாது, சிலருக்குப் பதற்றம் வரும். எல்லாருக்கும் ஒத்துவரும் மாத்திரை என்று ஒன்று இல்லை. அளவைக் குறைக்கலாம், மாற்றலாம், எதிர்விளைவுக்குத் துணை மருந்து கொடுக்கலாம். இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் கேட்காவிட்டால் குளோசபின் இருக்கிறது, ரத்த அணுக்களைத் தவறாமல் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து, ஆனால் மற்றவை கைவிட்ட இடத்தில் வேலை செய்வது. உங்கள் தம்பி இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடுகிற ஊசியும் உண்டு, ஃபுளூஃபெனசின், ஹாலோபெரிடால் போன்ற பழைய ஊசிகள் விலையும் குறைவு. உங்கள் வீட்டு நிலைமையில் அதை அவருக்கு நான் இப்படிச் சொல்லிப் பார்ப்பேன்: “ஊசி போட்டுக்கிட்டா சாப்பாட்டுல யாரும் எதையும் கலக்க வேண்டிய தேவையே இருக்காது. போடறத நீயே பார்க்கலாம், என்ன மருந்துன்னு பாட்டில்ல படிச்சுக்கலாம்.” நாலு பேர் பிடித்து அமுக்கிப் போடுவதற்கு அது ஆயுதம் இல்லை.

மாமா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அமெரிக்க மருந்து நிஜம்தான். கோபென்ஃபி என்று பெயர், 2024 செப்டம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. 1950களிலிருந்து மனச்சிதைவுக்கு வந்த மருந்தெல்லாம் டோபமைன் வாயிலில்தான் வேலை செய்தன, இது வேறு வாயில் வழியாகப் போகிறது என்பதால் எங்களுக்கெல்லாம் ஆர்வம் உண்டு. ஆனால் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகள் ஐந்து வார ஆய்வுகள், குமட்டல் மலச்சிக்கல் எல்லாம் இதிலும் உண்டு. அதற்காகக் காத்திருக்காதீர்கள். சிகிச்சையில்லாமல் போகும் ஒவ்வொரு மாதமும் பின்னால் தேறுவதைக் கடினமாக்குகிறது என்பதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. செய்வினைக்குப் போன எட்டு மாதத்தைத் திருப்பி எடுக்க முடியாது, அதைச் சொல்லிக்காட்டியும் பயனில்லை.

பூட்டு, சேர்க்கை, சட்டம்

அந்தப் பூட்டை இன்றைக்கு ராத்திரியே எடுக்கச் சொல்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநோய் விடுதி தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. உங்கள் ஓட்டு வீட்டில் வெளியே பூட்டிய அறைக்குள் மின்கசிவு வந்தால் கதையே வேண்டாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 95ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. அப்பாவுக்குப் பயம் என்றால் அவர் தன் அறையை உள்ளே தாழிட்டுக்கொள்ளட்டும். அரிவாள்மனை, பூச்சிமருந்து இரண்டையும் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள், யாருக்காவது கெடுதல் செய்துவிடுவார் என்பதைவிடத் தனக்கே செய்துகொள்வார் என்ற ஆபத்துதான் இந்த நோயில் அதிகம்.

கல்யாணத்துக்குப் போகிறோம் என்று காரில் ஏற்றி மருத்துவமனை வாசலில் இறக்குவது சாம்பாரின் அண்ணன். வேண்டாம். அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு ஒரு நேரான வழி தருகிறது. அவர் தனக்கோ பிறருக்கோ கேடு விளைவிக்கும் நிலையில் இருந்தாலோ, ஆபத்தாகும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் இருந்தாலோ, நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் முடிவெடுப்பவர் என்ற முறையில் வீட்டார் ஒருவர் விண்ணப்பம் கொடுக்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொண்டால் 30 நாள்வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிட அவருக்கு உரிமை உண்டு, அதையும் அவரிடம் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். பிஸ்கட்டும் பழமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை அந்தக் கட்டம் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காவிட்டாலோ, குரல்கள் “செத்துப்போ” என்றோ “அவரை வெட்டு” என்றோ கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, அசையாமல் பேசாமல் சிலை மாதிரி ஆகிவிட்டாலோ யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அதுவரை அவரில்லாமலேயே நீங்களும் அம்மாவும் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியின் மனநல ஓ.பி.க்குப் போங்கள். மருந்து இலவசம். போவதற்கு முன் 14416க்குப் போன் போட்டுப் பேசலாம், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். தம்பியே போட்டுப் பேசினாலும் நல்லது, முகம் தெரியாத ஆளிடம் சிலருக்குப் பேச்சு சுலபமாக வரும். மதுரை உங்களுக்கு எட்டுமென்றால் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையில் மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப், டாக்டர் சாரதா மேனனும் டாக்டர் தாராவும் மற்றவர்களும் சேர்ந்து 1984இல் தொடங்கியது. உங்கள் மாவட்டத்துக் கிராமங்களுக்கே அவர்கள் ஒரு பஸ் விட்டார்கள், உள்ளே திரையில் சென்னை டாக்டர், இறங்கும் இடத்தில் மருந்து. ஊரில் வயதானவர்கள் யாருக்காவது நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கோயிலும் கல்யாணமும்

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை டாக்டர் ரகுராமும் குழுவினரும் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சில வாரத் தங்கலில், மருந்தில்லாமல், நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சின்ன ஆய்வு, ஒப்பிட வேறு குழு இல்லை, ஆகவே இதை வைத்து மாத்திரையைத் தூக்கிப்போட முடியாது. ஆனால் அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை, கூட வந்த சொந்தக்காரர் கூடவே இருந்தார், பெருக்கவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் வேலை இருந்தது. குணசீலத்தில் கோயிலோடு மனநல மையம் இருக்கிறது, ஏர்வாடி தர்காவில் துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்க அரசே ஏற்பாடு செய்தது. சாமி கும்பிடட்டும். பிரம்பு, சாட்டை, மிளகாய்ப்புகை, சங்கிலி இருக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

அத்தையின் யோசனை வேறு ரகம். கல்யாணம் வைத்தியம் இல்லை, ஒரு பெண்ணின் வாழ்க்கை. மறைத்துச் செய்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கியதாகச் சொல்லி அந்தத் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அது வக்கீல் பேசவேண்டிய விஷயம். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: புதுப்பெண்ணுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்துப் போடமுடியாமல் நிறுத்தி, மூன்றாம் மாதம் முற்றிப்போய் வந்த மாப்பிள்ளைகள் எனக்குப் பழக்கம். இந்த நோயோடு கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, நன்றாக வாழ்கிறவர்களும் எனக்குப் பழக்கம், அவர்கள் வீட்டில் மனைவிக்கு மாத்திரைப் பெயர் தெரியும். ஆசை தம்பிக்கு வரட்டும், ஒன்றிரண்டு வருஷம் நிலையாக இருக்கட்டும், பெண்ணிடம் அவரே சொல்லட்டும், வேண்டுமானால் டாக்டர் முன்னிலையில். அதுவரை அத்தைக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மில்லும் சான்றிதழும்

மாவு மில்லுக்குப் போனார் என்ற வரியைத்தான் உங்கள் கடிதத்தில் இரண்டு முறை படித்தேன். முழுசாகக் குணமாகட்டும் அப்புறம் வேலை என்று காத்திருக்காதீர்கள், ஆதரவு கொடுத்து நிஜ வேலையில் சீக்கிரம் உட்கார வைப்பதுதான் நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. காலையில் இரண்டு மணி நேரம், கூலியோடு. கூலி கட்டாயம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இப்போது அவசரமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும், 40 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டால் சலுகைகள் உண்டு, ஆனால் நோய் வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், அவர் தன்னை நோயாளி என்றே ஒத்துக்கொள்ளாதபோது, முத்திரை குத்திய காகிதத்தோடு எதிரே நின்றால் இருக்கிற உறவும் போகும்.

இதையெல்லாம் ஒரு வீடு செய்ய முடியுமா என்று மலைக்காதீர்கள். மான்ட்ரியலிலும் சென்னையிலும் முதல் முறை சைக்கோசிஸ் வந்தவர்களை இரண்டு வருஷம் ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டார்கள். குரல், சந்தேகம் போன்றவை இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி குறைந்தன. முடங்கிக் கிடப்பது, பேசாமல் ஒதுங்குவது, இவற்றில் சென்னைக்காரர்கள்தான் முந்தினார்கள், அங்கே வீட்டார் அதிகம் கூட இருந்தார்கள். ஆனால் எல்லா வீடும் ஒன்றில்லை. ஓயாமல் குறை சொல்கிற வீட்டிலும், மூச்சுவிடாமல் பொத்திப் பொத்தி வளர்க்கிற வீட்டிலும் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பதும் பழைய, உறுதியான முடிவு. “சாப்டியா, தூங்குனியா, என்ன யோசிக்கிற” என்று அம்மா நாளைக்கு முப்பது தடவை கேட்பதை மூன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

நோய் அடங்கியபின் ஒரு நாள், நல்ல மனநிலையில் இருக்கும்போது, அவரையே உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள்: திரும்ப வந்தால் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் முடிவெடுக்க யாரை நியமிக்கிறார் என்று. சட்டத்தில் அதற்கு முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று பெயர், 5ஆம் பிரிவு. முதல் வரியில் “சாப்பாட்டில் கலக்கக் கூடாது” என்று எழுதுவார் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகளைப் பற்றி. பொதுவாக மனச்சிதைவு வருவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, தாய்மாமனுக்கு இருந்தால் அது நூற்றுக்கு நான்கு என்ற அளவில் போகலாம். 96 பிள்ளைகளுக்கு வராது. நீங்கள் இப்போது செய்ய வேண்டியதாக அதில் எதுவும் இல்லை, அவள் முன்னால் மாமாவைப் பற்றிக் கிசுகிசுக்காமல் இருப்பதைத் தவிர. ஐந்து வயதுக்கு, “மாமாவுக்கு உடம்பு சரியில்ல, சத்தம் புடிக்காது” என்றால் போதும்.

மாமியார் வீட்டில் இதுவரை சொல்லவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவுக்கு மூட்டுவலி என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். கணவரிடமாவது சொல்லிவிடுங்கள். ஓ.பி.க்கு ஒரு வேலைநாளில் போக வேண்டியிருக்கும், அதற்கு இன்னொரு பொய் தேட வேண்டாம். போகும்போது அம்மாவிடம் மிச்சமிருக்கிற ரிஸ்பெரிடோன் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை கலந்தார் என்று அவருக்கு நினைவிருக்கிறவரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கலந்துதான் கொடுத்தோம் என்பதை அந்த டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.